ஆணை தவறாதவன்

போன ஆடியில், கல்லூரி மாணவர்கள் பதினொரு பேரை அழைத்துக்கொண்டு நானும் ஒரு தோழியும் இரண்டு நாள் வாசிப்பு முகாமுக்காகக் கொல்லிமலை ஏறினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். முதல் நாள் அண்ணல் அம்பேத்கரின் ‘சாதியை அழித்தொழித்தல்’ வாசிப்பது, இரண்டாம் நாள் ஆகாய கங்கைக்கு இறங்கிப் போய் உட்கார்ந்து பேசுவது என்று திட்டம். செம்மேட்டில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் மதியம் தாண்டியும் வாசித்தோம். சாயங்காலம் கரண்ட் போனது. அப்போதுதான் ஒரு தம்பி ஒரு சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே இருபது முகமுள்ள பகடைகள்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். திரை வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். “கதவை உடைக்கிறேன்” என்று நீங்கள் சொன்னால், கதவு உடைகிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் இனம், ஒரு வகுப்பு. இனம் என்பது பிறப்பு: மனிதன், எல்ஃப், ஓர்க் என்று போகும். வகுப்பு என்பது தொழில்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். பிறப்பு, தொழில் என்று அடுத்தடுத்துக் கேட்டதும் எனக்குக் காது விடைத்துக்கொண்டது. உங்களுக்கும் இப்போது விடைத்திருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இந்த மலையிலேயே பிறந்தவன், மலையாளி பழங்குடி. பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்காதீர்கள். கொல்லிமலை, ஏற்காடு, பச்சைமலை என்று இந்தப் பக்கத்து மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் மக்கள் அவர்கள். பகடை கொண்டுவந்த தம்பி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் அவனிடம் சொன்னான்: “நீ ஓர்க் எடுத்துக்கோடா. நல்ல பலம் வரும்.”

“ஓர்க்னா யாரு?”

போனில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் படித்துச் சொன்னான். காட்டிலும் மலையிலும் திரிகிற முரட்டுக் கூட்டம், கொள்ளை அடிக்கும், குணக்குறி ‘கெட்டது’.

“அப்போ எங்களை மாதிரியா?” என்று மலைத் தம்பி சிரித்தான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குணக்குறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் நல்லது, கெட்டது என்று ஒரு குறி உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் அரக்கர் கையேட்டில் ஓர்க்கின் பெயருக்குக் கீழேயே ‘கெட்டது’ என்று அச்சிட்டிருக்கும். குழந்தையாக இருந்தாலும் ஓர்க் என்றால் அதுதான் குறி. நம்மூருக்கு இது புதிதா? 1871இல் வெள்ளையர் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் சமூகம் சமூகமாகப் பிடித்துக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆனது. திருடாத குழந்தைக்கும் பிறந்த அன்றே ‘திருடன்’ என்று குறி வைத்த சட்டம் அது.

விளையாட்டுக்காரர்களே இதை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் அந்த நிறுவனம், ஓர்க் போன்ற கூட்டங்களைப் பிறப்பிலேயே கெட்டவர்களாகக் காட்டியது உண்மையான மக்களை இழிவுபடுத்திய சித்திரங்களை ஒத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில் உள்ள 13 கதைகளில் ஒன்றை எழுதியவர் மிமி மொண்டல், வங்கத்தில் பிறந்த தலித் எழுத்தாளர். இந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். பிறப்புக்குக் குணம் கிடையாது என்று ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். உடனே அடுத்த கேள்வி வந்தது: அப்படியானால் யார்தான் கெட்டவன்? கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமே?

பகடைத் தம்பி ஒரு வகுப்பைக் காட்டினான். பாலடின் என்று ஒரு வீரன் இருக்கிறான். தெய்வத்தின் மேல் ஆணையிட்டு அறத்துக்காகப் போரிடுபவன், தொட்டாலே காயம் ஆறிவிடும். 1978இல் வந்த விதிப் புத்தகத்தில் மனிதனாகப் பிறந்தால் மட்டுமே பாலடின் ஆக முடியும் என்று இருந்தது. அங்கேயும் பிறப்புச் சான்றிதழ்தான். இந்த நல்ல வீரனுக்கு நேர் எதிராக 1980 ஜூலையில் ‘டிராகன்’ இதழ் ‘ஆன்ட்டி-பாலடின்’ என்ற கொடிய வீரனை வெளியிட்டது. 2014இல் அவனே ‘ஓத்பிரேக்கர்’ என்ற பெயரில் வந்தான். தான் இட்ட ஆணையை முறித்து இருளின் பக்கம் போனவன். பிணங்களை ஏவுவான், பார்வையாலேயே நடுங்க வைப்பான், அவனைச் சுற்றிப் பத்து அடிக்குள் நிற்கும் பிணங்களும் பேய்களும் பலம் பெறும்.

“இவனை நம்ம ஊருக்கு மாத்தித் தாங்கண்ணா” என்றார்கள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. எத்தனை வருஷத்துக் கோபம்! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கறுப்புக் கவசம், கோரைப் பல், மண்டையோட்டு மாலை, கையில் அரிவாள். சேரிக்குத் தீ வைப்பது அவனுடைய முதல் ஆற்றல். பெயர் ‘கருங்கவசன்’. பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

அடிவாரத்து ஊரிலிருந்து வந்த அருந்ததியர் மாணவி ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். “ஏங்கண்ணா கறுப்பு?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கெட்டவன் என்று நினைத்த உடனே என் கை தானாகவே கறுப்புக்குப் போயிருக்கிறது. இருபது வருஷமாக மேடையில் பேசுகிறவனின் கை.

அவள் அதோடு விடவில்லை. “எங்க ஊர்ல மேட்டுத் தெருப் பைப்புல தண்ணி பிடிக்கப் போனப்ப என் குடத்தைக் காலால தள்ளிவிட்டவருக்குக் கோரைப் பல்லெல்லாம் இல்லீங்கண்ணா. நல்ல மனுசரு. எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வட்டியில்லாம பணம் குடுத்தவரு. நான் பன்னெண்டாவதுல நல்ல மார்க் எடுத்ததுக்குப் பேனா வாங்கிக் குடுத்தவரு.”

“அப்புறம் ஏன் குடத்தைத் தள்ளினாரு?”

“அதை நானும் கேட்டேன். ‘நானா பண்றேன்? ஊர்க் கட்டுப்பாடு. பெரியவங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், மீற முடியாது கண்ணு’ன்னாரு. கண்ணுன்னுதான் சொன்னாரு.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மதியம் நாங்கள் வாசித்த பக்கங்களில் அம்பேத்கர் சொன்னது இதுதான். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட உரை அது. சாதியைக் கடைப்பிடிக்கிறவர்கள் மனிதத்தன்மை அற்றவர்கள் என்பதாலோ புத்தி கெட்டவர்கள் என்பதாலோ அப்படிச் செய்யவில்லை, தங்கள் மதத்தில் ஆழ்ந்த பற்று உள்ளவர்கள் என்பதால் செய்கிறார்கள் என்று அவர் வாதிடுகிறார். ஆகவே ஆட்களைத் திருத்துவதில் பயனில்லை, அவர்கள் கட்டுப்பட்டிருக்கும் அந்த அதிகாரத்தையே உடைக்க வேண்டும் என்கிறார். மதியம் இந்த இடத்தை வாசித்துவிட்டு ஆளாளுக்குத் தலையாட்டினோம். ராத்திரியே நான் கோரைப் பல் வைத்த ஆளை வரைந்திருந்தேன்.

அமெரிக்கப் புத்தகத்தின் கணக்கு நமக்குத் தலைகீழாகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. அங்கே ஆணையை முறிப்பவன் கொடியவன். நம் ஊரில் ஆணையை முறிக்கிறவர்கள் யார்? சாதி மீறிக் கல்யாணம் செய்கிறவர்கள், ‘செருப்போடு வராதே’ என்ற தெருவில் செருப்போடு போகிறவர்கள். மதுரை வீரனை நினைத்துக்கொள்ளுங்கள். கதைப்படி சாதிக் கட்டை மீறிக் காதலித்தவன், அரசனுக்காகக் கள்ளர் பயம் தீர்த்தவன். கடைசியில் அதே அரசனின் கட்டளையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். அரண்மனை அவனைக் குற்றவாளி என்றது. எங்கள் மக்கள் அவனுக்குச் சிலை வைத்துக் கையில் வாள் கொடுத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அவனையும் காசி ராஜா பெற்ற பிள்ளை என்று சொல்லி வைத்த கதை உண்டு. வீரனாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நம்மூர் விதிப் புத்தகத்திலும் உள்ள பழக்கம்தான்.

இந்த மலைக்கும் ஒரு வீரன் கதை இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்றபின் கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் பாடியிருக்கிறார். கொன்ற காரியும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவன்தான்! குடிக்காமல் நிதானத்தில் இருக்கும்போதே தேர்களை அள்ளிக் கொடுப்பவன் என்று புறநானூறு அவனைப் புகழ்கிறது. கபிலர் பாடிய புறநானூற்று 122ஆம் பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அவனுடைய நாடு அந்தணருக்கு உரியது. மூவேந்தரில் ஒருவருக்குப் போரில் துணையாக வரும்படி கேட்டு வருகிறவர்கள் கொடுப்பதுதான் அவனுடைய செல்வம். ஆக, பெரிய அரசர்களுக்காகப் போரிட்டு, கிடைத்ததைக் கொடையாகக் கொடுத்தவன். நற்றிணை 320லும் கபிலர்தான் பாடுகிறார். ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய ஊரின் பெருந்தெருவுக்குள் காரி நுழைந்தபோது ஊரே அலறிய ஓசையை அங்கே உவமையாக வைக்கிறார். வள்ளல் என்று புகழப்பட்டவனும், தெருவை அலற வைத்தவனும் ஒரே ஆள்.

ஓரியின் தெருவையே களமாக வைத்துக்கொண்டோம். கருங்கவசனைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து புதிய வகுப்பை எழுதினோம். பெயர் ‘ஆணை தவறாதவன்’. விதிகள் மூன்றுதான்.

முதல் விதி, கொடை. பாலடினுக்கு இருப்பதுபோலவே இவனும் தொட்டுக் காயத்தை ஆற்றலாம். ஆனால் இவன் கையால் ஆறியவர், அந்தக் கதை முடியும்வரை இவனை எதிர்த்துப் பகடை உருட்ட முடியாது. நன்றிக்கடன்.

இரண்டாவது, ஊர்க்கட்டு. ஓத்பிரேக்கருக்குப் பக்கத்தில் நிற்கும் பிணங்கள் பலம் பெறும். இங்கே வாய் பேசாமல் நிற்பவர்களால் இவன் பலம் பெறுகிறான். இவனை எதிர்க்க வேண்டுமானால் எட்டோடு, அங்கே மௌனமாக இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அந்த எண்ணோ அதற்கு மேலோ பகடையில் விழ வேண்டும். எதிர்த்து ஜெயித்தால், கேட்ட கேள்விக்கு இவன் உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, முறித்தல். எப்போது வேண்டுமானாலும் இவன் ஆணையை முறிக்கலாம். முறித்தால் ஆற்றல் எல்லாம் போய்விடும், சொந்தக்காரர்களே எதிராவார்கள். பரிசுப் புள்ளி எதுவும் கிடையாது. “நல்லது பண்ணா பரிசு உண்டுன்னு வெச்சா எல்லாரும் முறிச்சிருவாங்க, அது பொய்யாயிரும்” என்று இந்த விதியைச் சொன்னது அந்த மாணவிதான். அந்தப் பாத்திரத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஆறு பேர் விளையாடினார்கள், ஐந்து பேரும் தோழியும் சுவரில் சாய்ந்து பார்த்தார்கள், கதையை நான் நடத்தினேன். காரியின் வீரனாக அவள் ஓரியின் தெருவுக்குள் வந்தாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது, அத்தனை அன்பாக நடந்துகொண்டாள். அடிபட்டுக் கிடந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆற்றினாள். நான்கு பேர் அவள் கையால் ஆறினார்கள். மலைத் தம்பியின் பாத்திரம் தேனெடுப்பவன். பாறையிலிருந்து விழுந்து ஒற்றை உயிர்ப்புள்ளியோடு கிடந்தான். “வேண்டாம்” என்று சொல்லிவிட்டான். ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

பிறகு அவள் அறிவித்தாள். இனிமேல் முதல் தேன் சேரனுக்கு. மேல் சுனையில் இந்த இந்தக் குடும்பங்கள் இறங்கக் கூடாது. அதே கனிவான குரல்.

“ஏன் இறங்கக் கூடாது?” என்று தேனெடுப்பவன் கேட்டான். நான் தலைகளை எண்ணினேன். அவர்கள் இருவரையும் விட்டால் அறையில் பத்துப் பேர். பதினெட்டு வேண்டும் என்றேன்.

“பதினொண்ணுங்கண்ணா. நீங்க இருக்கீங்களே” என்றாள் அவள்.

“நான் கதை நடத்துறவன்மா. நடுநிலை.”

“நடுநிலைன்னு சொல்றவங்க எந்தப் பக்கக் கணக்குன்னு மத்தியானம் நீங்கதானே சொன்னீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். பத்தொன்பது ஆனது. உருட்டினான், பதினான்கு. மறுபடி கேட்டான், பதினேழு. நன்றிக்கடன் பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டுதான், ஆனால் அந்தக் குனிவு விளையாட்டுக் குனிவு இல்லை. மூன்றாவது தடவை அவன் பகடையைக் கையில் எடுத்தபோது, சுவரோரம் இருந்த ஒரு முதலாமாண்டு மாணவி, காலையிலிருந்து வாயே திறக்காதவள், “அவன் கேக்கறது சரிதானே” என்றாள். பதினெட்டு. “பகடைதான் உருட்டக் கூடாது, பேசலாம் இல்ல?” என்று கடன்பட்டவர்களில் ஒருவன் கேட்டான். விதியில் தடை இல்லை. பதினேழு. தோழி பேசினார், பதினாறு. கடைசியாக நானும் பேசினேன். பதினைந்து.

விழுந்ததும் பதினைந்து. வீடு அதிர்ந்தது.

இனி அவள் பதில் சொல்ல வேண்டும். வெகுநேரம் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியல. எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு, அவங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு” என்றாள்.

“முறிச்சிடு” என்றார்கள் நான்கைந்து பேர்.

“மாட்டான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவரு முறிக்கல. போன மாசம்கூடப் பாத்தேன், கண்ணுன்னுதான் கூப்பிட்டாரு.” அவனிலிருந்து அவருக்கு அவள் எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. கதையை அங்கேயே நிறுத்தினோம். யாரும் ஜெயிக்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. செம்மேட்டில் ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவுக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓரி சிலைக்கு முன்னால் நின்று டீ குடித்தோம். “காரி கெட்டவன், ஓரி நல்லவன், அவ்வளவுதானேடா?” என்று யாரோ மலைத் தம்பியைச் சீண்டினார்கள்.

“ஓரியும் ராஜாதானே. அவருக்குத் தேன் கொண்டுபோய்க் குடுத்தது யாரு, அதைச் சொல்லு” என்றான். அப்போதுதான் நான் கேட்டேன், ராத்திரி ஏன் வைத்தியத்தை வேண்டாம் என்றான் என்று. “வாங்கிக்கிட்டா அப்புறம் கேக்க முடியாதுங்களே. விதியைச் சரியா கேட்டேன்” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

இயக்கத்தில் இருக்கிற தம்பி தங்கைகளே, நம் எதிரிக்குக் கோரைப் பல் வரைவது எளிது. அப்படி வரைந்தால், பல் இல்லாத நல்ல மனுசரை நாம் அடையாளம் காணாமல் விட்டுவிடுவோம். அவரிடம் வாங்கிய உதவி நம் கையைக் கட்டும்போது, அது கட்டு என்றே நமக்குத் தெரியாது. ஆகவே அவர் நல்லவரா கெட்டவரா என்று அளந்துகொண்டிருக்காதீர்கள். அவர் எந்த ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள், அந்த ஆணையைக் கேள்வி கேளுங்கள். கேட்கிறவர் தனியாக நிற்கும்போது, பகடை உங்கள் கையில் இல்லாவிட்டாலும் வாயைத் திறங்கள். எங்கள் அறையில் நான்கு வாய் திறந்ததில்தான் பத்தொன்பது பதினைந்தானது.

விதிகள் மூன்றும் மேலே இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். கதை நடத்துகிறவரை எண்ணிக்கையில் சேர்க்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.